தாய்மாமன் சீராக வந்த ஆக்சில்

திண்டுக்கல்
ஆடி இரண்டாம் வெள்ளி

அன்புள்ள பெரிய அண்ணனுக்கு,

தங்கை புவனேஸ்வரி எழுதுவது. மஸ்கட் பக்கம் வெயில் ஆளை வறுத்தெடுக்கிறது என்று அண்ணி சொன்னார். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இங்கே வெயில் இல்லை, காற்றுதான். கொடியில் போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்கி வர வேண்டியிருக்கிறது. நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். இளவேனில் சௌக்கியம். மற்ற இருவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன கிறுக்கா என்று நினைப்பீர்கள். போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்ததுமே, "எல்லாம் சரியாப் போகும் தாயி, நீ கெடந்து மருகாத" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. உங்கள் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் வடமதுரை முகேஷ்குமார் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறான். அவன் பையில் பருப்புப் பொடி, கருவாடு, இந்தக் கடிதம் மூன்றும் வரும். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் பிரியுங்கள்.

வைகாசியில் நடந்த இளவேனிலின் காதணி விழாவுக்கு நீங்கள் லீவு கிடைக்காமல் வரவில்லை. வீடியோ பார்த்தேன், அழுகை வந்துவிட்டது என்று சொன்னீர்கள். வீடியோ எடுத்தவன் சாப்பாட்டுப் பந்தியைத்தான் ஒன்றுவிடாமல் எடுத்திருக்கிறான். சீர் வந்த காட்சியை ஓட்டிவிட்டான். அதை நான் சொல்கிறேன்.

தெருமுனையிலிருந்து மேளத்தோடும் வாணத்தோடும் நம் சிவா சீர் கொண்டுவந்தான். முன்னால் பெண்கள் தட்டுகளில் பழம், பட்டுப்பாவாடை, தோடு. பின்னால் ஒரு டிராக்டர். அந்த டிப்பரில் சாமி சிலைதான் வருகிறது என்று நினைத்தேன். அவ்வளவு பூ. பூ வண்டி ஓட்டுகிறவன் அல்லவா, நிலக்கோட்டை மார்க்கெட்டில் அன்றைக்கு வேறு யாருக்கும் மல்லிகை மிச்சம் வைத்திருக்க மாட்டான். பூவை விலக்கிப் பார்த்தால் இரண்டு ஆக்சில்! சக்கரமும் ஸ்பிரிங் பட்டையுமாகப் புத்தம் புதிது, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துண்டு சுற்றி. மைக்கை வாங்கி, "பெரிய தாய்மாமன் ஒச்சப்பன், சின்ன தாய்மாமன் சிவபிரகாஷ், எங்க மச்சானோட கார் ட்ரெய்லருக்கு ஹெவி ஆக்சில் சீரு" என்று அவன் சொன்னதும் பந்தலே கை தட்டியது. பீரோ, கிரைண்டர், பைக் எல்லாம் சீரில் வந்து பார்த்திருக்கிறோம். ஆக்சில் வந்தது இந்த ஜில்லாவிலேயே நம் வீட்டுக்குத்தான் முதலாக இருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. என் கல்யாணத்தில் சீர் குறைவு என்று மாப்பிள்ளை வீட்டார் வருடக்கணக்கில் இடித்துக் காட்டினார்களே, அன்று அவர்கள் எல்லாரும் ஆக்சிலோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றார். குனிந்து ஆக்சிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சீரை அப்படித்தான் வாங்க வேண்டும். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். கடையில் அளவு தெரியாமல் எடுத்துவந்த சட்டையைப் பார்க்கிற முகம்.

யோசனை உங்களுடையது என்று சிவா பெருமையாகச் சொன்னான். நீங்கள் அங்கே ஓட்டுகிற பெரிய ட்ரெய்லர்களைப் பார்த்துவிட்டு, "ஆக்சிலு கனமா இருந்தா மாப்ளை எதை வேணா ஏத்தலாம்டா" என்று சொன்னீர்களாம். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. உங்கள் மனது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஓட்டுகிற வண்டி அந்தப் பாரத்துக்கென்றே கம்பெனியில் செய்தது. இவருடையது இரண்டு காரை ஏற்றுவதற்காக நம் ஊர்ப் பட்டறையில் செய்தது. ஷோரூமிலிருந்து ஷோரூமுக்குப் புதுக் கார், திருச்சி ரோட்டில் நின்றுபோன கார், இதுதான் இவர் தொழில். இழுப்பது அதே பழைய சின்ன லாரி.

சீரை மூலையில் போட்டு வைத்தால் கொடுத்தவனை அவமதித்ததாகிவிடும் என்று அந்த வாரமே பைபாஸ் பட்டறைக்குக் கொண்டுபோனார். உங்களுக்குத் தெரியும், அமலன் அண்ணன் பட்டறை. அவர் ஆக்சிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாமான் அருமையான சாமான். ஆனா முத்துக்கிருஷ்ணா, இதைத் தாங்குற சேஸ் உன்கிட்ட இல்லையே. கொக்கியும் பழசு, பிரேக்கும் பழசு. மாட்டித் தாரேன், ஆனா எப்பவும் போல ரெண்டு காரு மட்டும் ஏத்து" என்றாராம். அப்படியானால் சேஸ் என்கிற அடிச்சட்டத்தையும் பிரேக்கையும் மாற்றிவிடலாமே என்று கேட்டேன். அந்தச் செலவுக்குப் புது ட்ரெய்லரும் புது லாரியுமே வாங்கிவிடலாம் என்று இவர் சிரித்தார். வண்டிப் புத்தகத்தில் ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கும் எடையும் பழையதுதானாம், ஆக்சில் மாற்றியதால் அது ஏறாதாம்.

சரி, இரண்டு காரையே ஏற்றிக்கொண்டு போகட்டும், சீரும் மாட்டிய மாதிரி ஆயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். புது ஆக்சிலும் பெரிய சக்கரமும் வந்ததும் ட்ரெய்லரின் தளம் உயர்ந்துவிட்டது. கார் ஏற்றுகிற பலகை செங்குத்தாக நிற்கிறது. தாழ்வான கார் ஏறும்போது முன் பம்பரும் அடிவயிறும் தேய்கின்றன. இரண்டு புதுக் காரில் கீறல் விழுந்துவிட்டது. நீளமான பலகை செய்து போட்டார், அப்போதும் ஒரு கார் தட்டியது. ஸ்பிரிங் வேறு கனப் பாரத்துக்கானது. லேசான காரை வைத்தால் அமுங்க மாட்டேன் என்கிறது, பள்ளத்தில் இறங்கினால் காரோடு சேர்ந்து குதிக்கிறது. இப்போது ஷோரூம்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். இவர் பகலில் வீட்டில் இருக்கிறார். வெஞ்சனத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற அளவுக்கு வீட்டில் இருக்கிறார்.

இது சிவா காதுக்கு எப்படியோ போய்விட்டது. அவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா? மறுநாளே வந்து நின்றான். "கார்க்காரங்க போனா போகட்டும்க்கா, ஆக்சிலு எதுக்கு வாங்குனோம்" என்று சொல்லி, சிறுமலையில் ரோடு போடுகிற கான்ட்ராக்டரிடம் மச்சான் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ரோடு ரோலரை மலைக்கு மேலே கொண்டுபோய் இறக்க வேண்டும், ஒவ்வொரு வேலை முடிந்ததும் கீழே கொண்டுவர வேண்டும். ஆடியில் வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் முதல் லோடு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அண்ணே, அந்த ரோடு உங்களுக்குத் தெரியாததா? பஸ்ஸில் போனாலே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்ளும். ஏறுவது கூடப் பரவாயில்லை. அவ்வளவு பாரத்தோடு இறங்க வேண்டுமே.

சிவாவிடம் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன். "ஏன்டா, உங்க மச்சானை மலைக்கு அனுப்பிட்டு நீ பூ வாசத்துல உக்காந்திருப்பியோ" என்றேன். "போக்கா, பயந்தாங்கொள்ளி, மச்சான் கை பட்டா ரோலரு ஆட்டுக்குட்டி மாதிரி வரும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தான். அடுத்த முறை முகத்தை இறுக்கிக்கொண்டே சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "நான் குடுத்தது சரியில்லைன்னு மச்சான் சொல்றாராக்கா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. இல்லடா அப்பு என்று சொல்லி இன்னும் இரண்டு பணியாரத்தை வைத்தேன்.

இவரிடம் கேட்டால், "உன் தம்பி ஊருக்கு முன்னால மாலை போட்டுக் கொண்டாந்தான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நாளைக்கு உன் பொறந்த வீட்டு வாசல்ல நீ எந்த முகத்தோட போய் நிப்ப?" என்கிறார். கொடுத்த சீரைத் திருப்பினால் உறவைத் திருப்பியதாகத்தானே அர்த்தம். இவர் எனக்காகப் பார்க்கிறார். நான் இவருக்காகப் பார்க்கிறேன். சிவா எங்கள் இருவருக்காகவும் ஓடுகிறான். இந்த விஷயத்தில் ஒருத்தராவது கெட்டவராக இருந்தால் நான் தெருவில் நின்று சண்டை போட்டு முடித்திருப்பேன். எனக்கு வாய் இல்லையா? யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

குக்கர் விசில் அடித்துவிட்டது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை

இரண்டு நாளாக இந்தக் காகிதத்தைத் தொடவில்லை. நீங்கள் கவலைப்படும்படி எழுத வேண்டாம், நல்ல விதமாக முடித்து அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு அப்படி முடிக்க முடியாது.

மலைக்குப் போகும் முன்னால் கீழே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னாராம். வடமதுரையில் நின்ற ஒரு சின்ன பொக்லைனை ஏற்றிக் காந்திகிராமத்தில் இறக்க வேண்டும். ரோலரில் பாதி எடைதான் இருக்கும் என்கிறார்கள். ரோடும் சமதளம். சிவா லாரிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினான். நானும் கற்பூரம் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியுமா?

மத்தியானம் திரும்பி வந்தார். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "பாலத்துல இறங்குறப்ப பிரேக்கு போட்டேன். நிக்கல. ட்ரெய்லரு பின்னாடி இருந்து தள்ளிருச்சு" என்றார். முன்னால் ஒரு மினி பஸ் நின்றிருக்கிறது. அது நகர்ந்துவிட்டது, அதனால் பிழைத்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது, அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதைச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் பால் வாங்கப் போனபோது அமலன் அண்ணன் பட்டறை வழியாகத்தான் போனேன். நம் ட்ரெய்லர் அங்கே நின்றது. முன்பக்கம் லாரியோடு மாட்டுகிற இடத்தில் பச்சைப் பெயின்ட் ஈரமாக இருந்தது. அமலன் அண்ணன்தான் கூப்பிட்டு, "தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாத. சேஸ் சேருற மூலையில விரிசல் விட்டிருக்கு. ரெண்டு பக்கமும் பட்டை வச்சு வெல்டிங் வச்சு விட்டிருக்கேன். நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னது இவர்தானாம். சிவா பார்த்தால் சங்கடப்படுவான் என்று.

எனக்கு அப்போது வந்த கோபத்தில் பால் பாத்திரத்தை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன், எவர்சில்வர் என்பதால் உடையாது. வீட்டுக்கு வந்து இவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பதனமா ஓட்டிக்கிறேன் புவனா. ரெண்டு மாசம் ஓட்டிட்டு, வேலை ஒத்துவரலைன்னு நைசா விட்டுருவோம்" என்கிறார். இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதம் ஒவ்வொரு தடவையும் கற்பூரத்தைக் கொளுத்தி அனுப்பிவிட்டு நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமாம். அவர் உயிரை வைத்து என் தம்பியின் மனது நோகாமல் பார்த்துக்கொள்கிறாராம். இந்த மரியாதை எனக்கு வேண்டாம் அண்ணே.

இதில் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. நான் சிவாவிடம் உடைத்துப் பேசினால், வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு அக்கா சீரைத் தள்ளிவிட்டாள் என்று சாகும்வரை நினைப்பான். இவரே பேசினால் அவர் பக்கத்தார் கொண்டாடிவிடுவார்கள், அப்பவே சொன்னோமே என்று. அண்ணியிடம் சொன்னால் அன்றைக்கே சிவாவுக்குத் தெரிந்துவிடும். மலை வேலையை விட்டுவிட்டுக் காரையே ஏற்றலாம் என்றால் காரும் ஏறவில்லை. எங்கள் எல்லாருக்கும் மேலே நிற்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அந்த இரண்டு ஆக்சிலில் ஒன்று உங்கள் பெயரில் வந்தது.

அதனால் நான் யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். நீங்கள் சிவாவைப் போனில் கூப்பிடுங்கள். ட்ரெய்லர் தாங்காது என்றோ, அக்கா பயப்படுகிறாள் என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். பெரிய தாய்மாமன் முறையில் பேசுங்கள். "நான் இல்லாம எப்படிடா சீரு முடிஞ்சதா ஆகும்? என் கையால பொட்டு வைக்காம அந்த ஆக்சில்ல பாரம் ஏத்தக் கூடாது. நான் தைக்கு வாரேன். அதுவரைக்கும் கழட்டி வீட்டுல பத்திரமா வைக்கச் சொல்லு" என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லுங்கள். முறையைச் சொல்லிக் கோபித்தால் அவன் கட்டுப்படுவான். உங்களிடம் மன்னிப்பும் கேட்பான். கான்ட்ராக்டரிடமும், எங்க அண்ணன் வராம முடியாது என்று அவனே சொல்லிக்கொள்வான். அவனுக்கும் தலைகுனிவு இல்லை, இவருக்கும் இல்லை.

பழைய ஆக்சில்களைத் திருஷ்டி கழித்த மாதிரி பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள் என்று ஆக்சில் மாற்றிய அன்று சிவா சொன்னான், அமலன் அண்ணன் போடவில்லை. பட்டறைக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். நேற்று எனக்குக் காட்டினார். ஒரு நாள் வேலை, மாட்டித் தந்துவிடுவார். ட்ரெய்லர் பழையபடி தாழ்ந்துவிடும், ஷோரூம்காரர்களும் திரும்பி வருவார்கள். தையில் நீங்கள் வந்து உங்கள் கண்ணால் சேஸைப் பாருங்கள். பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

உங்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பிரியமாகச் சொன்ன யோசனையை நீங்களே நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன். அதையும் ஒரு பொய்க் கோபத்தோடு செய்யச் சொல்கிறேன். தங்கைக்கு இவ்வளவு துணிச்சலா என்று வருத்தம் வந்தால், தையில் வரும்போது என்னை நேரில் திட்டுங்கள். நான் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் பேசாவிட்டால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியாது என்று நீங்கள் சொல்லக் கூடாது. முகூர்த்தத்தன்று இளவேனிலைக் கொண்டுபோய் நிலக்கோட்டையில் நம் வீட்டில் விட்டுவிடுவேன். லாரியில் இவருக்குப் பக்கத்தில் நான் ஏறி உட்காருவேன். ஏறுவதற்கும் உட்காருவேன், இறங்குவதற்கும் உட்காருவேன். இவர் கத்துவார், கத்தட்டும். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். நான் உள்ளே இருந்தால் சிவாவாவது லாரியைக் கிளப்ப விடமாட்டான் என்று ஒரு நப்பாசையும் இருக்கிறது.

முகேஷ்குமாரிடம் இதை ஒட்டித்தான் கொடுக்கிறேன். பிள்ளை வரைந்த படம் ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் உங்களுக்கு மீசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

காளியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது உங்கள் பெயரையும் சிவா பெயரையும் சொல்லித்தான் முதலில் கும்பிட்டேன். என் பிள்ளைக்கு இரண்டு மாமன்களும் நூறு வயது இருக்க வேண்டும், ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் இருக்க வேண்டும். அவளுக்கு அப்பாவும் இருக்க வேண்டும் அண்ணே. இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையா என்று தெரியவில்லை. நீங்கள் போன் பேசுங்கள்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும் தங்கை,
புவனேஸ்வரி